ஆல்பரில இருந்து வந்து வொடோங்கால ஹீட் பம்ப் மாட்டின ப்ளம்பர்: ரிவ்யூவும் கொஞ்சம் லைசன்ஸ் கதையும்

முதல்ல ஸ்டார் சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. வேலை சுத்தம், பேப்பர் அதைவிட சுத்தம், ஒரு ஸ்டார் போனது ராத்திரி சத்தத்துக்கும் அதைச் சொன்னப்பறம் அவங்க காட்டற மெத்தனத்துக்கும். கம்பெனி பேர் இங்க போடல, அந்த சத்தம் பஞ்சாயத்து இன்னும் முடியல, முடியாத விஷயத்துல பேர் போட்டு எழுதறது எனக்கு சரியா படல.

வேலை இதுதான். வீட்டுக்கு வெளிய நிக்கற பழைய கேஸ் ஹாட் வாட்டர் டேங்க் அடியில துருப்பிடிச்சு ஒழுக ஆரம்பிச்சிடுச்சு, அதைத் தூக்கிட்டு ஹீட் பம்ப் (வெளிக்காத்துல இருக்கற சூட்டை எடுத்து கரண்ட்ல தண்ணி சுட வைக்கற மெஷின்) போடறதுன்னு முடிவு பண்ணோம். வெளிலேர்ந்து பாத்தா ஒரு டேங்க் போயி இன்னொரு டேங்க் வருது அவ்வளவுதான், ஆனா ஆஸ்திரேலியாவோட இந்த விக்டோரியா ஸ்டேட்ல இது மூணு லைசன்ஸ் சம்பந்தப்பட்ட வேலை. கேஸ் லைனை மூடறது கேஸ்ஃபிட்டிங், தண்ணி கனெக்‌ஷன் வாட்டர் சப்ளை, புதுசா கரண்ட் சர்க்யூட் இழுக்க எலக்ட்ரீஷியன். முதல் ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கலாம், இருக்கணும்னு கட்டாயம் இல்ல, அங்கதான் நம்மாளுங்க நிறைய பேர் கோட்டை விடறாங்க.

வொடோங்கா ஆல்பரி தெரியாதவங்களுக்கு ஒரு வரி. நடுவுல மர்ரே ஆறு, இந்தப் பக்கம் வொடோங்கா விக்டோரியா, அந்தப் பக்கம் ஆல்பரி நியூ சவுத் வேல்ஸ், லிங்கன் காஸ்வேல கார் எடுத்தா சில நிமிஷத்துல ஸ்டேட்டே மாறிடும். இங்க குடியிருந்து அங்க வேலைக்குப் போறவங்க, அங்க இருந்துட்டு பிள்ளைங்கள இங்க ஸ்கூல்ல விடறவங்கன்னு எல்லாமே கலந்துதான் கிடக்கு. (இந்த பார்டர்ல ஆறு மொத்தமும் நியூ சவுத் வேல்ஸுக்குத்தான் சொந்தம், விக்டோரியா பார்டர் தென்கரை மேல வந்து நின்னுடும், அதனால ஆத்துக்கு நடுவுல குழாய் உடைஞ்சா அது அவங்க பாடு.) ப்ளம்பர் தேடினா பாதிப்பேர் அந்தக் கரைக்காரங்கதான் வருவாங்க. வரட்டும், தப்பே இல்ல. அவங்க கையில இருக்கற லைசன்ஸ் இந்தக் கரையில செல்லுமா, எது வரைக்கும் செல்லும்ங்கறதுதான் கேள்வி, அதை கேக்காம "ஆள் ரொம்ப நல்ல மனுஷன்"னு கேட்டைத் திறந்து விட்டா அப்பறம் நாமதான் அனுபவிக்கணும்.

எனக்கு வந்த முதல் கோட்டேஷன் ரொம்ப சீப். அவரும் ஆல்பரிக்காரர்தான், பேச்சு தேன். லைசன்ஸ் காட்டுங்கன்னேன், நியூ சவுத் வேல்ஸ் கார்டை நீட்டினாரு. விக்டோரியா கார்டு எங்கன்னதுக்கு "இப்பல்லாம் மியூச்சுவல் ரெகக்னிஷன் வந்தாச்சு, ஆஸ்திரேலியா பூரா ஒரே லைசன்ஸ்தான்"னு சிரிச்சாரு. சரி, அப்ப விக்டோரியா கம்ப்ளையன்ஸ் சர்டிபிகேட் (வேலை ரூல்படி நடந்துச்சுன்னு ப்ளம்பர் கையெழுத்துப் போட்டுத் தர்ற பேப்பர்) யார் பேர்ல வரும்னு கேட்டேன், அந்த சிரிப்பு கொஞ்சம் இறங்கிடுச்சு, "பாஸ் பாத்துப்பாரு"ன்னாரு. எந்த பாஸ், அவர் வேலை நடக்கறப்ப வருவாரா, அவர் லைசன்ஸ் நம்பர் என்னன்னு மெசேஜ் அனுப்பினேன், அதுக்கப்பறம் ஆளே இல்ல.

அவர் சொன்னது முழுப் பொய்னு சொல்ல முடியாது, பாதி உண்மை. அந்தப் பாதியை தெரிஞ்சு வெச்சுக்கிட்டா பேரம் பேசறப்ப உதவும், அதனால கொஞ்சம் நீட்டி எழுதறேன்.

ஆஸ்திரேலியாவுல ப்ளம்பர் லைசன்ஸ் குடுக்கறது ஸ்டேட்தான், சென்ட்ரல் கவர்மென்ட் இல்ல. ஒரு ஸ்டேட்ல லைசன்ஸ் இருக்கறவர் இன்னொரு ஸ்டேட்ல மறுபடி பரீட்சை எழுத வேண்டாம்ங்கறதுக்கு 1992-லயே மியூச்சுவல் ரெகக்னிஷன் சட்டம் வந்தாச்சு. அது எப்படின்னா, அவர் புது ஸ்டேட் அத்தாரிட்டிகிட்ட தன் பழைய லைசன்ஸைக் காட்டி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், அவங்க ஒரு மாசத்துக்குள்ள லைசன்ஸ் குடுக்கணும், இல்லன்னா காரணம் சொல்லி தள்ளிப்போடணும் இல்ல மறுக்கணும். "உனக்கு வேலை தெரியுமா, செஞ்சு காட்டு"ன்னு மறுபடி சோதிக்கறதெல்லாம் கிடையாது. ஆனா அவர் அப்ளை பண்ணணும், ஃபீஸ் கட்டணும், இன்சூரன்ஸ் காட்டணும், புது ஸ்டேட் பேர்ல அவருக்கு லைசன்ஸ் வரணும். பழைய கார்டையே நீட்டிட்டு போயிடறது அந்த சட்டத்துல இல்ல.

2021 ஜூலை 1-ல இருந்து இன்னொண்ணு வந்துச்சு, ஆட்டோமேட்டிக் மியூச்சுவல் ரெகக்னிஷன். சொந்த ஸ்டேட் லைசன்ஸை வெச்சே, திரும்ப அப்ளை பண்ணாம, திரும்ப ஃபீஸ் கட்டாம இன்னொரு ஸ்டேட்ல வேலை செய்யலாம்ங்கறது ஐடியா. நம்ம தேன் பேச்சுக்காரர் சொன்னது இதைத்தான். ஆனா இதுல ஸ்டேட் மந்திரிங்க சில லைசன்ஸ்களை "இது எங்க ஊருக்கு வேணாம், ஆபத்து"ன்னு விலக்கி வைக்கலாம், சில தொழிலுக்கு முன்கூட்டியே அந்த ஸ்டேட்டுக்கு தகவல் குடுக்கச் சொல்லலாம், அந்த ஊர் இன்சூரன்ஸ் கேக்கலாம். முக்கியமா, யார் லைசன்ஸோட வந்தாலும் எந்த ஸ்டேட்ல நின்னு ஸ்பேனர் எடுக்கறாங்களோ அந்த ஸ்டேட் ரூல்தான். ஆளோட தகுதி ஆத்தைத் தாண்டி வந்துடும், பேப்பர் வேலை தாண்டாது. நியூ சவுத் வேல்ஸ்ல வேலைக்கு முன்னாடியே நோட்டீஸ் ஆஃப் வொர்க்னு அதிகாரிங்களுக்கு தகவல் போடணும், முடிஞ்சப்பறம் சர்டிபிகேட், ட்ரெய்னேஜ் வேலைன்னா படம் போட்டு குடுக்கணும். விக்டோரியாவுல லைசன்ஸ் வெச்சிருக்கற ப்ளம்பரே தன் வேலைக்குத் தானே கையெழுத்துப் போட்டு கம்ப்ளையன்ஸ் சர்டிபிகேட் பதியணும், அதிகாரிங்க அதுல சிலதை எடுத்து வந்து ஆடிட் பண்ணுவாங்க. ரெண்டும் வேற வேற சிஸ்டம், அந்த ஊர்ல பண்ண பழக்கத்துல இங்க வந்து பண்ணா சர்டிபிகேட்டே இல்லாம வேலை நின்னுடும்.

இதையெல்லாம் ஒரே தேசிய லைசன்ஸா ஆக்கிடலாம்னு ஒரு முயற்சி நடந்துச்சு, தெரியுமா? ப்ளம்பர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், வீடு விக்கற ஏஜென்ட் எல்லாருக்கும் சேர்த்து. 2010-ல விக்டோரியா பார்லிமென்ட்ல சட்டம்கூட போட்டாங்க, தனி அத்தாரிட்டியே ஆரம்பிச்சாங்க, 2013 டிசம்பர்ல பெரும்பாலான ஸ்டேட் எங்களுக்கு வேணாம்னு கழண்டுக்கிட்டாங்க, அடுத்த வருஷம் கடையைக் கட்டியாச்சு. ஒவ்வொரு ஸ்டேட்டும் தன் ரூல்தான் ஒசத்திங்குது. பார்டர்ல குடியிருக்கற எனக்கு கடுப்பாதான் இருக்கு.

இப்ப நான் வேலை குடுத்தவங்க கதைக்கு வரேன். இவங்களும் ஆல்பரிதான், ஆனா கோட்டேஷன் மெயில்லயே அடில ரெண்டு நம்பர் போட்டிருந்தாங்க, நியூ சவுத் வேல்ஸ் கான்ட்ராக்டர் லைசன்ஸ் நம்பர், விக்டோரியா லைசன்ஸ் நம்பர். பாதி மனசு அங்கயே விழுந்துடுச்சு. விக்டோரியா நம்பரை ஆன்லைன்ல போட்டுப் பாத்தேன் (இங்க ப்ளம்பர் லைசன்ஸ் குடுக்கற அத்தாரிட்டி முன்னாடி விக்டோரியன் பில்டிங் அத்தாரிட்டி, 2025 ஜூலைல இருந்து பில்டிங் அண்ட் ப்ளம்பிங் கமிஷன்னு பேர் மாறிடுச்சு, தேடற வசதி அப்படியேதான் இருக்கு). லைசன்ஸ் நடப்புல இருந்துச்சு, கேஸ்ஃபிட்டிங் இருந்துச்சு, வாட்டர் சப்ளை இருந்துச்சு.

வந்த அன்னிக்கு கேட்டுக்கிட்ட நின்னே கார்டு கேட்டேன். கோவிச்சுக்கல, பர்ஸ்ல இருந்து எடுத்து முன்பக்கம் போட்டோ காட்டிட்டு அவரே திருப்பிக் காட்டினாரு. பின்பக்கம்தான் விஷயம், அவர் எந்தெந்த பிரிவுல வேலை செய்யலாம்னு அங்கதான் இருக்கும். விக்டோரியாவுல ப்ளம்பிங்னு ஒரே லைசன்ஸ் கிடையாது, வாட்டர் சப்ளை தனி, சானிட்டரி தனி, ட்ரெய்னேஜ் தனி, கேஸ்ஃபிட்டிங் தனி, கூரை வேலை தனி, இன்னும் மெக்கானிக்கல், ஃபயர் எல்லாம் இருக்கு. இவர் கார்டுல கூரை வேலை இல்ல. ஏன்னு கேட்டேன். நியூ சவுத் வேல்ஸ்ல கூரை ப்ளம்பிங் வேற லைசன்ஸ், அது எங்கிட்ட இல்ல, அங்க இல்லாதது இங்க எப்படி வரும்னாரு. எந்த ஸ்டேட்டோட எந்த லைசன்ஸ் இன்னொரு ஸ்டேட்ல எதுக்கு சமம்னு மந்திரிங்க கையெழுத்து போட்ட அட்டவணையே இருக்காம், அதுல தேடி எது பொருந்துதோ அதைத்தான் குடுப்பாங்க, மிச்சத்துக்கு கண்டிஷன் போட்டுடுவாங்க. மழைக்குழாய் ஒண்ணும் ஒழுகுது, அதையும் பாத்துடறீங்களான்னு கேட்டேன், முடியாது, அதுக்கு கார்டு இருக்கறவர் நம்பர் தரேன்னுட்டாரு. பத்து நிமிஷ வேலை, காசு வாங்கிட்டு பண்ணியிருக்கலாம், பண்ணல.

கூட வந்தவர் நியூசிலாந்துக்காரர். அங்க ப்ளம்பர், கேஸ்ஃபிட்டர், ட்ரெய்ன்லேயர் (கழிவுநீர்க் குழாய் பதிக்கறவர்)னு மூணும் தனித்தனி தொழில், அவர்கிட்ட ப்ளம்பிங் மட்டும்தான், அதனால கேஸ் பக்கம் கையே வைக்கல. ஆஸ்திரேலியா நியூசிலாந்து நடுவுல 1998-ல இருந்தே ஒருத்தர் லைசன்ஸை இன்னொருத்தர் ஏத்துக்கற ட்ரான்ஸ் டாஸ்மன் ஏற்பாடு இருக்கு, அதுல வந்தவராம்.

இங்க நம்மூர் ப்ளம்பர் தம்பிங்களுக்காக ஒண்ணு சொல்லணும், அடிக்கடி கேக்கறாங்க. இந்தியா இந்த ஏற்பாட்டுக்குள்ள கிடையாது. கோயம்புத்தூர்ல இருபது வருஷ அனுபவம் இருந்தாலும் அதை நேரா லைசன்ஸா மாத்த வழி இல்ல. விசாவுக்கு ட்ரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா பண்ற ஸ்கில் அசெஸ்மென்ட் வேற, ஸ்டேட் குடுக்கற லைசன்ஸ் வேற, முதலாவது பாஸானா தொழில் பண்ணலாம்னு ஏஜென்ட் சொன்னா நம்பாதீங்க. இங்க வந்து லைசன்ஸ் இருக்கறவர்கிட்ட வேலை பாத்து, மிச்ச இருக்கற ட்ரெய்னிங் முடிச்சு, ஒரு ஸ்டேட்ல கஷ்டப்பட்டு ஒரு தடவை வாங்கிட்டா, அதுக்கப்பறம்தான் இந்த மியூச்சுவல் ரெகக்னிஷன் கதவெல்லாம் அவங்களுக்கும் திறக்கும்.

வேலைக்கு வரேன். பழைய டேங்க்கை காலி பண்ணி, கேஸ் லைனை மூடி, அதுல ப்ரெஷர் அளக்கற ஒரு சின்ன மானோமீட்டரை மாட்டினாரு. ப்ரெஷர் ஏத்திட்டு அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் பேச்சு குடுத்தேன், கையை காட்டி இருங்கன்னாரு. முள் அசையல. அப்பறம் மூடின இடத்துல சோப்புத்தண்ணி அடிச்சு குமிழி வருதான்னு பாத்தாரு, வரல. வீட்டுல கேஸ் அடுப்பு இன்னும் இருக்கறதால அதையும் ஏத்திப் பாத்துட்டுதான் நகர்ந்தாரு. கேஸ்ல கை வெச்சா விக்டோரியாவுல எத்தனை டாலர் வேலைன்னு பாக்கவே மாட்டாங்க, சர்டிபிகேட் கட்டாயம். மத்த ப்ளம்பிங் வேலைக்கு பொதுவா 750 டாலரும் அதுக்கு மேலயும் போனா.

ஹீட் பம்ப் வெச்சு, தண்ணி கனெக்‌ஷன் குடுத்து, ப்ரெஷர் கூடினா தண்ணியை வெளிய விடற ரிலீஃப் வால்வ் குழாயையும் ஹீட் பம்ப்ல சொட்டற தண்ணிக் குழாயையும் சுவத்தோரம் சும்மா விடாம ட்ரெய்ன்ல கொண்டு போய் விட்டாங்க. கரண்டுக்கு தனி எலக்ட்ரீஷியன் வந்தாரு, அவர் பேப்பர் தனி, அவரோட அத்தாரிட்டி எனர்ஜி சேஃப் விக்டோரியா. ப்ளம்பரே வயரையும் சொருகிட்டுப் போறேன்னா வேணாம்னு சொல்லுங்க, புது சர்க்யூட் இழுக்கறது அவங்க லைசன்ஸ்ல வராது.

கடைசில ஒரு கூத்து. எங்கம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க, வாளில சுடுதண்ணி புடிச்சு மக்ல மொண்டு குளிக்கறவங்க, முட்டிவலிக்கு நல்லா சுடச்சுட வேணும். ப்ளம்பர் பாத்ரூம் குழாயை ஓடவிட்டு தெர்மாமீட்டரை பிடிச்சாரு, 49-ல நின்னுச்சு, திருப்தியா தலையாட்டினாரு. அம்மா கையை வெச்சுப் பாத்துட்டு "என்னப்பா இது வெதுவெதுன்னு, இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்லு"ன்னாங்க. நான் மொழிபெயர்த்தேன். அவர் முடியாதுன்னாரு. டேங்க்குள்ள தண்ணி 60 டிகிரிக்கு மேல இருக்கணும், இல்லன்னா லெஜியனெல்லா கிருமி வளரும், ஆனா பாத்ரூம் குழாய்ல 50-க்கு மேல வரக்கூடாது, அதுக்குத்தான் நடுவுல பச்சைத்தண்ணி கலந்து சூட்டைக் குறைக்கற டெம்பரிங் வால்வ். 60 டிகிரி தண்ணில பெரியவங்க தோலே அஞ்சு செகண்டுல மோசமா வெந்துடும், 50-ன்னா அதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும்னாரு. அந்த வால்வைக் கழட்டினா என் கார்டு போயிடும்மா, இங்க மட்டுமில்ல அங்கயும் போயிடும்னு சிரிச்சாரு. அது சும்மா சொன்னதில்ல, ஒழுங்கு நடவடிக்கைல ஒரு ஸ்டேட் லைசன்ஸை ரத்து பண்ணா, இல்ல சஸ்பெண்ட் பண்ணா, மியூச்சுவல் ரெகக்னிஷன் சட்டப்படி மத்த ஸ்டேட் லைசன்ஸுக்கும் அதே கதிதான். எனக்கு இந்த ஏற்பாட்டுலயே ரொம்ப பிடிச்சது இதுதான், ஒரு கரையில கேவலமா வேலை பண்ணிட்டு இன்னொரு கரையில போய் புது போர்டு மாட்ட முடியாது. சமையல்கட்டு குழாய்க்கு அந்த 50 டிகிரி ரூல் இல்லைங்கறதை அம்மா எப்படியோ புரிஞ்சுக்கிட்டாங்க, இப்ப அங்கேர்ந்து வாளி போகுது, நான் எதுவும் பேசறதில்ல.

கம்ப்ளையன்ஸ் சர்டிபிகேட் சட்டப்படி வேலை முடிஞ்சு அஞ்சு நாளுக்குள்ள வரணும், இவங்களோடது அதுக்குள்ளயே மெயில்ல வந்துடுச்சு. கேஸ், வாட்டர் சப்ளை ரெண்டும் எழுதியிருந்துச்சு, விக்டோரியா லைசன்ஸ் நம்பர் இருந்துச்சு, எங்க அட்ரஸ் சரியா இருந்துச்சு. அந்த ஒரு பேப்பரோட ஆறு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் பாதுகாப்பும் சேர்ந்து வருது, அவர் கம்பெனி மூடிட்டுப் போனாக்கூட. முதல்ல சீப்பா கோட் பண்ண ஆள்கிட்ட போயிருந்தா மிச்சமாகியிருக்கற காசையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரிபேட் (ஹீட் பம்ப்புக்கு கிடைக்கற மானியம்) கழிச்சப்பறம் ரெண்டு கோட்டேஷனுக்கும் வித்தியாசம் ஒரு வார மளிகைச் செலவு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, விக்டோரியாவுல லைசன்ஸ்டு, ரெஜிஸ்டர்டுன்னு ரெண்டு படி இருக்கு. ரெஜிஸ்டர்டு ஆள் வேலை செய்யலாம், ஆனா லைசன்ஸ் இருக்கறவர் மேற்பார்வைல, சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போட முடியாது. "நானும் ரெஜிஸ்டர்டுதான்"னு சொன்னா அது பொய்யில்ல, உங்களுக்கு போதாது, அவ்வளவுதான்.

கொரோனா சமயத்துல 2020 ஜூலைல இந்த பார்டரை மூடினாங்களே, 1919 ஃப்ளூ காய்ச்சலுக்கு அப்பறம் முதல் தடவையா, அப்ப இவர்கிட்ட ரெண்டு ஸ்டேட் லைசன்ஸும் பாக்கெட்லயே இருந்தும் காஸ்வேல போலீஸ்கிட்ட பர்மிட் காட்டி க்யூல நின்னாராம். லைசன்ஸுக்கு ரெகக்னிஷன் இருந்துச்சு, எனக்குத்தான் இல்லன்னாரு.

இனி அந்த ஒரு ஸ்டார். ஹீட் பம்ப்பை பக்கத்து வீட்டு பெட்ரூம் பக்கமா வெச்சுட்டாங்க, அதுவே யோசிக்க வேண்டிய இடம். டைமர் இருக்கு, பகல்ல சோலார் வர்ற நேரத்துல மட்டும் ஓடற மாதிரி செட் பண்ணிட்டு போயிருக்கணும், பண்ணல, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேன் ஹும்முனு ஆரம்பிக்கும், சிமென்ட் பலகை அதிர்வு சுவர் வழியா எங்க ரூமுக்கே கேக்கும். டைமரை நானே மேனுவல் பாத்து மாத்திட்டேன், சத்தம் இப்ப பகல்லதான். அடில ரப்பர் போட்டா அதிர்வும் போயிடும்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க, ஆனா போன் பண்ணா "அடுத்த வாரம் அந்தப் பக்கம் வரப்ப போட்டுடறோம்"னே ஓட்டறாங்க. பணம் வாங்கறதுக்கு முன்னாடி இருந்த சுறுசுறுப்பு அதுக்கப்பறம் இல்ல.

ரப்பர் வந்து போட்டுட்டாங்கன்னா இங்கயே எடிட் பண்ணி அஞ்சாவது ஸ்டாரையும் குடுத்துடறேன், கம்பெனி பேரையும் போட்டுடறேன்.